சல்லடைக்கும் காற்றுக்கும் யார் உரிமையாளர்? 19-ஆம் நூற்றாண்டின் மாவு ஆலைக் காப்புரிமைகள்

கேள்வி இதுதான்: 19-ஆம் நூற்றாண்டில் மாவு அரைக்கும் இயந்திரங்களுக்கு ஏன் இத்தனை காப்புரிமைகள் வழங்கப்பட்டன, அவற்றைச் சுற்றி ஏன் இத்தனை வழக்குகள் நடந்தன, கடைசியில் பயனடைந்தவர்கள் கண்டுபிடித்தவர்கள்தாமா? அந்த ஆவணங்களை இன்று எப்படிப் படிப்பது என்பதையும் சேர்த்துக் கேட்டிருக்கிறீர்கள்.

மாவு ஆலையில் இருந்த உறுப்புகள் ஏறக்குறைய எல்லாமே மிகப் பழையவை. அரைகல், சல்லடை, வாளிச் சங்கிலி, திருகு, காற்று, உருளை ஆகியவற்றுள் எதையும் 19-ஆம் நூற்றாண்டில் ஒருவர் புதிதாகக் கண்டுபிடித்துவிடவில்லை. அவற்றை எந்த வரிசையில், எந்த வேகத்தில், எந்த இடைவெளியில் சேர்ப்பது என்பதில்தான் புதுமை இருந்தது. பழைய உறுப்புகளின் புதிய சேர்க்கைக்கு எல்லை வகுப்பது கடினம். எல்லை தெளிவில்லாத சொத்தைப் போலவே, தெளிவில்லாத காப்புரிமையும் நீதிமன்றத்துக்குத்தான் போகும். அந்த வழக்குகளில் வென்றவர், முதலில் செய்து காட்டியவராக இருந்ததைவிட, தான் செய்ததைத் தாளில் சரியான சொற்களால் வரையறுத்தவராகவே பெரும்பாலும் இருந்தார். இதற்கு ஆதாரமாக அமெரிக்க வரலாற்றையே பெரும்பாலும் எடுத்துக்கொள்கிறேன். மிக விரிவான ஆவணங்களும் தீர்ப்புகளும் அங்குதான் உள்ளன.

தொடக்கம் ஆலிவர் எவன்ஸ். 1755-இல் டெலவேர் மாநிலத்தில் பிறந்த இவர், 1780-களில் ரெட் க்ளே ஓடைக் கரையில் ஓர் ஆலையை அமைத்தார். அதுவரை ஆலைகளில் தானிய மூட்டையை ஆட்கள் மாடிக்குச் சுமந்தார்கள். அரைத்த மாவைத் தொட்டிகளில் அள்ளி மீண்டும் மேலே தூக்கினார்கள். கல்லிலிருந்து சூடாகவும் ஈரப்பதத்தோடும் இறங்கும் மாவை மேல்தளத்தில் பரப்பி, ஒரு பையன் வாரியால் கிளறிக் கிளறி ஆற வைத்தான். ஆறாத மாவைச் சலித்தால் சல்லடைத் துணியின் கண்கள் அடைத்துக்கொள்ளும். எவன்ஸ் இந்த வேலைகளையெல்லாம் ஆலையின் நீர்ச்சக்கரத்திடமே ஒப்படைத்தார். தோல் பட்டையில் சிறு வாளிகளைக் கோத்து, தானியத்தையும் மாவையும் நேர் மேலே ஏற்றினார். மரத் தொட்டிக்குள் சுழலும் திருகால் அவற்றைக் கிடைமட்டமாக நகர்த்தினார். கிளறும் பையனின் இடத்தில், செங்குத்துத் தண்டில் மெதுவாகச் சுழலும் ஒரு நீண்ட கை வந்தது. அதன் அடியில் சாய்வாகப் பொருத்திய பலகைகள் மாவைப் பரப்பி, ஆற வைத்து, சிறிது சிறிதாக நடுவிலுள்ள துளைக்குத் தள்ளி, சல்லடைக்கு அனுப்பின. மூட்டையைக் கொட்டிய கணத்திலிருந்து பீப்பாயில் மாவு விழும் வரை யாரும் தொட வேண்டியதில்லை. பொருள் தானாகவே ஒரு கட்டத்திலிருந்து அடுத்த கட்டத்துக்கு நகரும் தொழிற்சாலை என்ற எண்ணம் இவ்வளவு முழுமையாக வேறெங்கும் அதற்குமுன் செயலுக்கு வந்ததாக எனக்குத் தோன்றவில்லை.

முதலில் தனித்தனி மாநிலங்களிடமும், பிறகு 1790 டிசம்பர் 18-இல் கூட்டாட்சி அரசிடமும் இதற்கு உரிமை பெற்றார். புதிய அமெரிக்கக் காப்புரிமைச் சட்டத்தின்கீழ் வழங்கப்பட்ட மூன்றாவது காப்புரிமை அது. ஜார்ஜ் வாஷிங்டனே மவுண்ட் வெர்னானிலிருந்த தமது ஆலையில் 1791-இல் இந்த ஏற்பாட்டைப் பொருத்தினார். உரிமத்துக்குப் பணம் கட்டாமலேயே இதைப் பொருத்திக்கொண்ட ஆலைக்காரர்களும் பலர் இருந்தார்கள். 14 ஆண்டுக் காலம் 1805 தொடக்கத்தில் முடிந்தது. அதற்குள் உரிய பலன் கிடைக்கவில்லை என்று எவன்ஸ் நாடாளுமன்றத்தை அணுக, 1808 ஜனவரியில் அவர் ஒருவருக்காகவே தனிச் சட்டம் இயற்றப்பட்டு, மேலும் 14 ஆண்டுகள் உரிமை வழங்கப்பட்டது.

சிக்கல் இங்கேதான் முற்றியது. 1805-க்கும் 1808-க்கும் இடையில், காப்புரிமை காலாவதியாகிவிட்டது என்று நம்பி, சட்டத்துக்கு உட்பட்டே இந்த இயந்திரங்களைப் பொருத்திய ஆலைக்காரர்கள் இருந்தார்கள். புதிய சட்டம் வந்தபின் அவர்களும் பணம் கட்ட வேண்டுமா என்ற கேள்வி உச்ச நீதிமன்றம் வரை போனது. எவன்ஸுக்கும் ஜோர்டனுக்கும் இடையிலான வழக்கில் 1815-இல் வந்த தீர்ப்பு, சட்டம் வந்த பிறகு தொடர்ந்து பயன்படுத்தியதற்கு அவர்களும் பொறுப்பாளிகளே என்றது. சட்டத்தின் சொற்களை வைத்துப் பார்த்தால் தீர்ப்பு சரியாக இருக்கலாம். ஆனால் அந்த ஆலைக்காரர்களின் மனக்கசப்பு நியாயமானது என்றே நான் கருதுகிறேன்.

பால்டிமோர் ஆலைக்காரர்கள் எதிர்ப்பைத் திரட்டினார்கள். அவர்களில் ஒருவரான ஐசக் மெக்ஃபர்சனுக்கு 1813 ஆகஸ்டில் தாமஸ் ஜெஃபர்சன் எழுதிய கடிதம், அறிவுச் சொத்துரிமை பற்றிப் பேசுகிற எல்லோரும் இன்றும் மேற்கோள் காட்டுவது. ஒருவர் தன் விளக்கிலிருந்து இன்னொருவருக்குச் சுடரைக் கொடுப்பதால் தன் ஒளி குறையாது என்ற கருத்து அதில்தான் வருகிறது. அது ஒரு மாவு ஆலைத் தகராறு குறித்து எழுதப்பட்டது என்பதைப் பலர் கவனிப்பதில்லை. வாளிச் சங்கிலி கீழை நாடுகளில் நீர் இறைக்கப் பழங்காலந்தொட்டே பயன்பட்டது, திருகு ஆர்க்கிமிடீசுடையது, தண்ணீருக்குப் பதில் மாவை ஏற்றுவது புதுக் கண்டுபிடிப்பு ஆகாது என்பது ஜெஃபர்சனின் வாதம். 1790-இல் காப்புரிமை விண்ணப்பங்களை ஆராய்ந்த மூவர் குழுவில் வெளியுறவுச் செயலராக ஜெஃபர்சனே இருந்தார் என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

அவருடைய வாதம் பாதிதான் சரி. உறுப்புகள் பழையவை என்பது உண்மை; ஆனால் அவற்றை மனிதக் கை இடையில் வராத ஒரே ஓட்டமாக இணைத்தது பழையதல்ல. எவன்ஸ் இந்த வேறுபாட்டை ஆவணத்தில் கறாராக எழுதியிருந்தால் தப்பியிருப்பார். ஈட்டன் என்ற ஆலைக்காரருடன் நடந்த வழக்கில் அந்தக் குறைதான் அவரைக் கவிழ்த்தது. பென்சில்வேனியாவில் ஸ்டௌஃபர் என்பவர் ஏற்கெனவே ஒரு கிளறும் இயந்திரத்தை வைத்திருந்தார் என்று எதிர்த்தரப்பு காட்டியது. அப்படியானால் எவன்ஸ் முழு இயந்திரத்துக்கும் உரிமை கோருகிறாரா, அல்லது பழைய இயந்திரத்தில் தாம் செய்த மேம்பாட்டுக்கு மட்டுமா? முழுமைக்கும் என்றால் கோரிக்கை மிகையானது. மேம்பாட்டுக்கு மட்டும் என்றால், எது பழையது, எது தன்னுடையது என்று விவரணத்தில் பிரித்துச் சொல்லவில்லை. 1822-இல் உச்ச நீதிமன்றம் இந்தக் காரணத்தால் அவருக்கு எதிராகத் தீர்ப்பளித்தது. எவன்ஸ் 1819-லேயே இறந்துவிட்டார். இன்று எந்தக் காப்புரிமை விண்ணப்பமும் தன் கோரிக்கைகளை, அதாவது எதற்கெல்லாம் உரிமை கேட்கிறது என்பதை, தனியே எழுதிக் காட்ட வேண்டும் என்ற வழக்கம் உருவானதில் இந்த வழக்குக்குப் பெரும் பங்கு உண்டு.

இங்கிலாந்திலும் இதே கதை சிறிய அளவில் நடந்தது. ஜார்ஜ் ஹின்டன் போவில் 1849-இல் பெற்ற காப்புரிமை, அரைகற்களுக்கு இடையே காற்றை ஊதிச் சூட்டைக் குறைப்பதும், அதனால் கிளம்பும் மாவுத்தூசு நிறைந்த காற்றை உறிஞ்சித் துணி வழியே வடிகட்டுவதும் சேர்ந்த ஏற்பாட்டுக்கானது. காற்றை ஊதுவதும் உறிஞ்சுவதும் தனித்தனியே பழையவை. இரண்டின் சேர்க்கைக்கு உரிமை உண்டு என்று 1857-இல் கீவொர்த் வழக்கில் தீர்ப்பாயிற்று. ஆனால் அதற்குப் பின்னரும் அவர் ஆண்டுக்கணக்கில் ஆலைக்காரர்களோடு வழக்காடிக்கொண்டே இருக்க நேர்ந்தது.

இனி இந்த வரலாற்றின் மையப் பகுதிக்கு வருகிறேன். 1860-களில் மினசோட்டாவில் விளைந்த கோதுமை வசந்தத்தில் விதைத்து அறுக்கும் கடின ரகம். அதன் தோல் எளிதில் நொறுங்கும், உள்ளீடு கெட்டி. வழக்கப்படி கற்களை நெருக்கி வைத்து வேகமாக அரைத்தால், தவிடு பொடியாகி மாவில் புள்ளி புள்ளியாகக் கலந்தது. சூட்டால் மாவின் தன்மையும் கெட்டது. தவிட்டுக்கும் மாவுக்கும் இடைப்பட்ட ரவைப்பதமான பகுதியில்தான் ரொட்டியை உப்ப வைக்கும் பசைப்புரதம் மிகுதி. ஆனால் அதில் தவிட்டுத் துகள் கலந்திருந்ததால் அதை மட்டமான மாவாகவோ மாட்டுத் தீவனமாகவோதான் விற்க முடிந்தது.

இதற்கு விடை பிரான்சிலிருந்து வந்தது. ரென் நகரத்தின் பெரிகோ 1860-ஐ ஒட்டி ரவையைக் காற்றால் தூய்மைப்படுத்தும் இயந்திரத்தை உருவாக்கியிருந்தார். அந்த அறிவோடு மினசோட்டாவின் ஃபாரிபோ ஊருக்கு வந்த ஆலைத் தச்சர்கள் எட்மண்ட் லா க்ரோவா, நிக்கோலஸ் லா க்ரோவா என்னும் சகோதரர்கள். 1870-71-இல் மினியாபொலிஸில் வாஷ்பர்னின் ஆலையை நடத்திவந்த ஜார்ஜ் கிறிஸ்டியனுக்காக எட்மண்ட் ஓர் இயந்திரத்தைச் செய்தார். சாய்வான சல்லடை குலுங்கிக்கொண்டே இருக்கும். அதன் மேல் ரவை மெல்லிய படலமாக நகரும். கீழிருந்து மேல்நோக்கி அளவான காற்று வீசும். முறத்தில் புடைக்கும்போது உமி விலகுவது போல, இலேசான தவிட்டுத் துகள் காற்றில் எழுந்து விலக, கனமான ரவை சல்லடைக்குக் கீழே இறங்கும். அந்த ரவையை மீண்டும் அரைத்தால் வெண்மையும் வலிமையும் உள்ள மாவு கிடைத்தது. கற்களைச் சற்று விலக்கி வைத்து, மெதுவாக அரைத்து, ரவையைக் கூடுதலாக எடுப்பது என்ற இந்த முறை வந்தபின், முன்பு மதிப்புக் குறைந்திருந்த வசந்தக் கோதுமை சந்தையில் விரும்பி வாங்கப்படும் சரக்காயிற்று.

ஆனால் சல்லடைத் துணி அடைத்துக்கொள்ளும் பழைய தொல்லை இங்கும் இருந்தது. அதே ஆலைக்கு வந்த ஜார்ஜ் டி. ஸ்மித், துணியின் அடிப்பக்கத்தில் தானாகவே முன்னும் பின்னும் ஓடித் துடைக்கும் தூரிகையைச் சேர்த்தார். துணியின் கண் அளவையும் காற்றின் அளவையும் பகுதிக்குப் பகுதி மாற்றினார். பார்வைக்குச் சிறிய மாற்றங்கள்தாம்; ஆனால் இயந்திரத்தை நிறுத்திச் சுத்தம் செய்யாமல் நாள் முழுவதும் ஓட்ட வைத்தவை அவையே. காப்புரிமை ஸ்மித்தின் பெயரில் வந்தது. மிச்சிகன் மாநிலத்து ஜாக்சன் நகரில் அவர் பெயரில் நிறுவனமும் வந்தது. எட்மண்ட் லா க்ரோவா தம் உழைப்புக்கு உரிய பலனைக் காணாமலே 1874-இல் இறந்தார். ஸ்மித் எதையும் திருடியதாக நான் சொல்லவில்லை. தூரிகை அவருடைய பங்களிப்புத்தான். ஆயினும் கடல் கடந்து அந்த அறிவைக் கொண்டுவந்து, மரமும் துணியுமாக அதைச் செய்து காட்டியவருக்குக் காப்புரிமை முறை எதையும் தரவில்லை என்பதே உண்மை.

இதற்கிடையில் வேறொரு திசையிலிருந்து இடி விழுந்தது. வில்லியம் காக்ரன் என்பவர் 1863 ஜனவரியிலேயே, சலிக்கும் பெட்டிகளுக்குள் காற்றைச் செலுத்தி, மேல்தர மாவைப் பிரித்தபின் ரவையைத் தூய்மைப்படுத்தி, மீண்டும் அரைக்கும் முறைக்குக் காப்புரிமை பெற்றிருந்தார். பத்தாண்டுகளாக ஆலைக்காரர்கள் அதைப் பொருட்படுத்தவில்லை. மினியாபொலிஸ் முறை நாடெங்கும் பரவத் தொடங்கியதும், அந்தக் காப்புரிமை 1874-இல் புதிய சொற்களோடு மறுவெளியீடு செய்யப்பட்டது. அமெரிக்கன் மிட்லிங்ஸ் ப்யூரிஃபையர் கம்பெனி அந்த உரிமையைக் கையில் வைத்துக்கொண்டு ஆலைகள்மீது வழக்குத் தொடுத்தது. இந்த அச்சுறுத்தலை எதிர்கொள்ளவே ஆலைக்காரர்களின் தேசியச் சங்கம் ஒன்றுகூடி, பொது நிதி திரட்டி வழக்காடியது.

காக்ரனுக்கும் டீனருக்கும் இடையிலான வழக்கு உச்ச நீதிமன்றத்தின் 1876 அக்டோபர் அமர்வில் முடிவாயிற்று. எதிர்த்தரப்பின் இயந்திரம் காக்ரனின் இயந்திரத்தைப் போன்றதல்ல. காற்றைச் செலுத்திய விதமும் வேறு. ஆனால் நீதிபதி பிராட்லி, ஒரு செய்முறை என்பது பொருளை வேறொரு நிலைக்கு மாற்றுவதற்காக அதன்மீது செய்யப்படும் செயலோ செயல்களின் வரிசையோ ஆகும், அது புதியதாகவும் பயனுள்ளதாகவும் இருந்தால் இயந்திரத்தைப் போலவே அதற்கும் காப்புரிமை உண்டு, எந்தக் கருவியால் செய்தாலும் மீறல் மீறலே என்று விளக்கினார். மாவு சலிப்பது பற்றிய இந்த வரையறையை 1972, 1981, 2010 ஆகிய ஆண்டுகளில் கணினி நிரல்களுக்கும் வணிக முறைகளுக்கும் காப்புரிமை உண்டா என்று தீர்மானித்த வழக்குகளில் அதே நீதிமன்றம் மீண்டும் எடுத்து ஆராய்ந்தது.

தீர்ப்பின் கோட்பாட்டை நான் மதிக்கிறேன். அதற்கு வழிவகுத்த மறுவெளியீட்டு முறையை மதிக்கவில்லை. பதினோரு ஆண்டுகள் கழித்து, பிறர் வெற்றிகரமாகச் செய்துகொண்டிருப்பதைப் பார்த்தபின், பழைய ஆவணத்தின் சொற்களை அதற்கேற்ப மாற்றியெழுத முடிந்தது சட்டத்தின் ஓட்டை. ஒரு விளக்கு சம்பந்தப்பட்ட வேறொரு வழக்கில், காலம் தாழ்த்தி விரிவாக்கப்படும் மறுவெளியீடுகள் செல்லாது என்று உச்ச நீதிமன்றம் பின்னர் கடுமையாகச் சொன்னது. ஆனால் அதற்குள், அப்போது காப்புரிமைக்கு இருந்த 17 ஆண்டுக் காலமும் முடிந்து, காக்ரனின் உரிமை காலாவதியாகிவிட்டது.

உருளை ஆலையின் வரலாறு இதைவிட நேரானது. கற்களுக்குப் பதிலாக உருளைகளால் அரைக்கும் முயற்சி 1830-களில் சுவிட்சர்லாந்தில் சுல்ஸ்பெர்கர் காலத்திலேயே தொடங்கி, ஹங்கேரியின் பெஷ்ட் நகரில் தொழிலாக வேரூன்றியது. 1870-களில் ஃபிரெட்ரிக் வெக்மன் பீங்கான் உருளைகளைக் கொண்டுவந்தார். புடாபெஸ்டின் கான்ஸ் தொழிற்சாலையில் ஆண்டிராஷ் மெக்வார்ட், இரயில் சக்கரங்களுக்காக அங்கே கைவந்திருந்த குளிர்வார்ப்பு இரும்பை (வார்க்கும்போதே மேற்பரப்பை விரைவாகக் குளிர்வித்துக் கடினமாக்கிய இரும்பை) எடுத்து, அதில் சாய்வான வரிப்பள்ளங்களை வெட்டி, 1874-இல் உருளை ஆலையை உருவாக்கினார். கல் கொத்துவதற்காக ஆலையை நிறுத்த வேண்டிய கட்டாயம் இதனால் ஒழிந்தது. அந்த உருளைகள் இரண்டும் வெவ்வேறு வேகத்தில் சுழலும்போது தானியத்தை நசுக்காமல் பிளந்து திறந்தன.

அமெரிக்காவில் மில்வாக்கியின் எட்வர்ட் ஆலிஸ் தொழிற்சாலையில் இருந்த வில்லியம் கிரே, 1879 டிசம்பர் 23-இல் பெற்ற 222,895 எண்ணுள்ள காப்புரிமையை அதன் படங்களோடு பார்த்தால், சத்தமும் தேய்மானமும் மிகுந்த பற்சக்கரங்களைத் தவிர்த்து, பட்டைகளால் உருளைகளை ஓட்டுவதும், பட்டை தளர்ந்தால் இரு முனைகளிலும் தனித்தனியே இறுக்கும் ஏற்பாடும் கண்ணுக்குத் தெளிவாகத் தெரியும். அமெரிக்க ஆலைகள் உருளைக்கு மாறியதில் இந்த வடிவமைப்புக்குப் பெரும் பங்கு இருந்தது. இத்தகைய உரிமைகளை ஒன்றுதிரட்டிய கன்சாலிடேட்டட் ரோலர் மில் கம்பெனி பிற தயாரிப்பாளர்கள்மீது வழக்குத் தொடுத்தது. 1891-இல் உச்ச நீதிமன்றம், பட்டையையும் இறுக்கியையும் இவ்வாறு சேர்ப்பது தேர்ந்த தொழிலாளியின் திறமைக்கு உட்பட்டதே, கண்டுபிடிப்பு ஆகாது என்று அதைத் தள்ளியது. தொழிலில் ஒன்று மிகவும் பயன்பட்டது என்பதும் சட்டத்தின் கண்ணில் அது கண்டுபிடிப்பு என்பதும் வெவ்வேறு என்பதற்கு இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு எனக்குத் தெரியவில்லை.

தூசு பற்றியும் சொல்லியாக வேண்டும். ரவை தூற்றும் இயந்திரங்கள் ஊதித்தள்ளிய காற்றில் நுண்மாவு நிறைந்திருந்தது. அதைத் தூசு அறைகளுக்குள் விட்டார்கள். 1878 மே 2 மாலை மினியாபொலிஸின் வாஷ்பர்ன் ‘ஏ’ ஆலை வெடித்துச் சிதறியதில் 18 பேர் உயிரிழந்தார்கள். அதன் பிறகு ஆலைகளில் தூசைப் பிடிக்கும் கருவிகளுக்கான காப்புரிமைகள் மளமளவென்று பெருகின. அவற்றுள் நிலைத்தது ஜான் ஃபின்ச் 1885-இல் பெற்று, ஜாக்சன் நகரின் நிக்கர்பாக்கர் கம்பெனியிடம் சேர்ந்த உரிமை: தூசுக் காற்றைக் கூம்பு வடிவக் கலத்துக்குள் பக்கவாட்டில் செலுத்திச் சுழல விட்டால், தூசு சுவரோடு ஒட்டிக் கீழே இறங்கும், தெளிந்த காற்று நடுவழியே மேலே போகும். நகரும் உறுப்பு ஒன்றுகூட இல்லை. நம் ஊர் அரிசி ஆலைகளிலும் மர அறுவை ஆலைகளிலும் வெளியே நிற்கும் தகரக் கூம்பு இந்த வம்சத்தைச் சேர்ந்ததே. இத்தனை காப்புரிமைகளுள் மனித உயிருக்கு நேரடியாக உதவியது என்று நான் முதலில் சொல்லக்கூடியது இதுதான். சதுரச் சல்லடைகளை அடுக்கி வட்டமாக அசைக்கும் ஏற்பாட்டுக்கு 1887-ஐ ஒட்டிப் புடாபெஸ்டில் கார்ல் ஹாகென்மாகர் பெற்ற உரிமையையும் இந்த வரிசையில் குறிப்பிட வேண்டும். இன்றைய மாவு ஆலைகளில் சலிப்பது அந்த வழியில்தான்.

கடைசியாக, ஆவணங்களைப் படிப்பது பற்றி. 1793 முதல் 1836 வரை அமெரிக்காவில் காப்புரிமைகள் ஆராய்ச்சியின்றிப் பதிவு செய்யப்பட்டன. ஆகவே அக்காலத்துக் காப்புரிமை ஒன்று இருப்பதை வைத்து அது புதியது என்று முடிவு செய்யக் கூடாது. 1836 டிசம்பரில் காப்புரிமை அலுவலகம் எரிந்தபோது அதற்கு முந்தைய ஆவணங்கள் பெரும்பாலும் அழிந்தன. மீட்கப்பட்டவை எண்ணோடு ‘எக்ஸ்’ என்ற எழுத்தைச் சுமக்கின்றன. எவன்ஸின் உரிமையையும் அப்படித்தான் தேட வேண்டும். 1870-களின் ஆவணம் எதையும் எடுத்தால், அதற்கு மறுவெளியீடு உண்டா என்று முதலில் பாருங்கள். இருந்தால் மூலத்தையும் மறுவெளியீட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் கோரிக்கைகளை மட்டும் ஒப்பிடுங்கள். படம் அழகாக இருக்கும்; ஆனால் உரிமை படத்தில் இல்லை, கடைசிப் பக்கத்தில் எண்ணிட்டு எழுதிய கோரிக்கைகளில்தான் இருக்கிறது. தொடங்குவதற்குக் காக்ரன் வழக்கின் தீர்ப்பையும் கிரேயின் 1879 காப்புரிமையையும் பரிந்துரைக்கிறேன். இரண்டும் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. தீர்ப்பில் ஆலையின் வேலைமுறையைப் பிராட்லி விளக்கும் பகுதி, கோதுமை அரைப்பதைப் பற்றி முன்பின் தெரியாதவருக்கும் புரியும்படி எழுதப்பட்டது.